ஜார்ஜ் ஃபோர்மேனின் குத்து நிஜமாகவே எவ்வளவு கனம்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

2025 மார்ச் 21 அன்று 76 வயதில் அமெரிக்காவின் முன்னாள் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன் ஃபோர்மேன் காலமானதிலிருந்து குத்துச்சண்டை பிடித்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்த ஒரு விவாதம்தான் நடக்கிறது. இளமையில் நான் எட்டு வருஷம் கிளவுஸ் போட்டவன், இப்போது பையன்கள் குத்திப் பழக பேட் பிடிக்கிறேன், ஃபோர்மேனின் சண்டைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன். அந்த உரிமையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, மைக் டைசன் குத்து இத்தனை பிஎஸ்ஐ, ஃபோர்மேன் குத்து இத்தனை கிலோ என்று வீடியோக்களில் எண் போடுகிறார்களே, எதை நம்புவது?

எதையும் நம்ப வேண்டாம் தம்பி. பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு, சைக்கிள் டியூபுக்குக் காற்றடிக்கும்போது பார்ப்பது. குத்தின் விசையைச் சொல்ல நியூட்டன் வேண்டும், இல்லாவிட்டால் பேச்சுவழக்கில் கிலோ கணக்கு. அலகே தப்பாக இருக்கும் எண்ணை யாரும் எந்தக் கருவியிலும் அளந்திருக்க முடியாது.

முறையாக அளந்த ஒரு ஹெவிவெயிட் குத்து என்றால் பிரிட்டனின் ஃபிராங்க் புரூனோவுடையது. 1985-ல் ஊசல் போலத் தொங்கவிட்ட ஒரு இலக்கைக் குத்தச் சொல்லி அளந்தார்கள். உச்ச விசை 4,096 நியூட்டன், அதாவது சுமார் 0.4 டன். கை போன வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர். 6 கிலோ மரச் சுத்தியலுக்கு உறை போட்டு மணிக்கு 20 மைல் வேகத்தில் முகத்தில் அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி என்று அதை விளக்கினார்கள். புரூனோ நல்ல குத்துக்காரர்தான். ஆனால் 1989-லும் 1996-லும் டைசனிடம் தோற்றவர், ஃபோர்மேனுக்கு நிகராக அவரை யாரும் சொல்வதில்லை. ஃபோர்மேனை அந்த எண்ணுக்குக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கேள்வி: அளக்கவே இல்லை என்றால் எதை வைத்து "பலசாலி" என்கிறோம்? எல்லாம் கதைதானே?

யாரை விழவைத்தார், எப்படி விழவைத்தார் என்பதை வைத்துத்தான் சொல்கிறோம். 81 சண்டையில் 76 வெற்றி, அதில் 68 நாக்அவுட். ஆனால் சிறிய ஆட்களாகப் பார்த்து அடித்தும் இந்த மாதிரி எண்ணிக்கையைச் சேர்க்கலாம் என்பதால் நான் இதைப் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

சாட்சி என்றால் 1973 ஜனவரி 22, ஜமைக்காவின் கிங்ஸ்டன். எதிரே ஜோ ஃப்ரேசியர். 29 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காத சாம்பியன், இரண்டு வருஷம் முன்பு முகமது அலியையே 15 ரவுண்டு அடித்து வென்றவர். ஃபோர்மேன் அவரை முதல் ரவுண்டில் மூன்று முறை, இரண்டாவதில் மூன்று முறை கீழே தள்ளினார். ரெஃப்ரி ஆர்தர் மெர்காந்தே குறுக்கே வந்து நிறுத்தினார். இரண்டாவது ரவுண்டில் ஒரு குத்தில் ஃப்ரேசியரின் பாதம் தரையை விட்டே கிளம்புகிறது. இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். அன்றைக்கு ஃபோர்மேன் எடை 217.5 பவுண்டு, ஃப்ரேசியர் 214. எடையில் வித்தியாசமே இல்லை! தன் எடையே உள்ள ஒருவரை, அதுவும் தாழ்ந்து பதுங்கி நிற்பவரை, ஒரு கையால் தரையிலிருந்து கிளப்புவது என்றால் அந்தக் கைக்குப் பின்னால் உடம்பு முழுக்க வருகிறது என்று அர்த்தம்.

இன்னொருவர் கனடாவின் ஜார்ஜ் சுவாலோ. வாழ்நாளில் 93 சண்டை, ஒரு தடவைகூடக் கீழே விழாத மனிதர். 1970 ஆகஸ்டில் நியூயார்க்கில் ஃபோர்மேனுக்கு எதிரேயும் விழவில்லை, ஆனால் நின்ற நிலையிலேயே வாங்கிய அடியைப் பார்த்து மூன்றாவது ரவுண்டில் சண்டையை நிறுத்திவிட்டார்கள். இதே சுவாலோ அலியோடு ஒரு முறை 15 ரவுண்டும் இன்னொரு முறை 12 ரவுண்டும் முழுசாக நின்றவர்.

கேள்வி: ஃப்ரேசியர் எப்போதும் முன்னால் பாய்ந்து வருவார், ஃபோர்மேனின் அப்பர்கட்டுக்குள் (கீழிருந்து மேலே வரும் குத்து) தானே போய் விழுந்தார். ஃபோர்மேனிடம் இரண்டே ரவுண்டில் விழுந்த கென் நார்ட்டனுக்குத் தாடை வீக். இது குத்தின் பெருமையா, எதிராளியின் குறையா?

பாதி சரி. ஃப்ரேசியர் மெதுவாகச் சூடேறும் ஆள், 1966-லேயே ஆஸ்கர் போனவேனா என்ற வீரர் அவரை இரண்டாவது ரவுண்டில் இரண்டு தடவை தள்ளியிருக்கிறார். ஃபோர்மேனின் நீளக் கைக்கு முன்னால் குனிந்தபடி வருவது அவருக்கு ஆகவே ஆகாத பாணி. 1976-ல் மறுபடி மோதியபோது அவர் கொஞ்சம் விலகி ஆடினார், ஐந்தாவது ரவுண்டு வரை தாக்குப்பிடித்தார். பாணிக்கு ஒரு பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை.

நார்ட்டன் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1973-ல் அலியின் தாடையை உடைத்தவர், 1978-ல் லாரி ஹோம்ஸோடு 15 ரவுண்டு நின்றவர். அவர் சீக்கிரம் சாய்ந்தது யாரிடம் என்று பாருங்கள். 1974-ல் கராகஸில் ஃபோர்மேனிடம் இரண்டாவது ரவுண்டு, 1979-ல் எர்னி ஷேவர்ஸிடம் முதல் ரவுண்டு, 1981-ல் ஜெர்ரி கூனியிடம் 54 விநாடி. மூன்று பேருமே அந்தக் காலத்தின் மிகப் பெரிய குத்துக்காரர்கள். அப்படிப்பட்ட மூன்று பேரிடம் விழுந்தவரை வீக் தாடை என்று ஒதுக்குவது நியாயமில்லை.

கேள்வி: எங்க அப்பா 1980-ல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டதை நேரில் பார்த்தவர். "ஃபோர்மேனோடு மோதியபோது அலி ஏழு ரவுண்டு கயிற்றில் சாய்ந்து அடி வாங்கினாரே, அப்புறம் என்ன பெரிய குத்து?" என்கிறார். என்ன சொல்ல?

அப்பா கொடுத்து வைத்தவர், முதலில் அதைச் சொல்லுங்கள். ஆனால் அந்தச் சண்டை நடந்த ஆப்பிரிக்க நகரமான கின்ஷாசாவில் அலி அடியை "வாங்கினார்" என்பது முழுசாகச் சரியில்லை. படத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான குத்துகள் அலியின் முன்னங்கையிலும் முழங்கையிலும் தோளிலும்தான் விழுகின்றன. கயிறு தளர்வாக இருந்ததால் மேல் உடம்பைப் பின்னால் சாய்த்துத் தலையைத் தூரத்தில் வைத்துக்கொண்டார். நெருங்கினால் ஃபோர்மேனின் பிடரியைப் பிடித்துக் கீழே அழுத்தினார். நடு நடுவே நேர் வலது கையால் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தார். கைகளை வேலியாக்கி, அடி வேலியிலேயே படும்படி பார்த்துக்கொண்டார், அவ்வளவு பெரிய மூளை அது.

ஃபோர்மேன் பக்கத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1974 அக்டோபர் 30, விடியற்காலை 4 மணி வாக்கில், புழுக்கத்தில் நடந்த சண்டை. அதற்கு முந்தைய எட்டுச் சண்டையையும் அவர் இரண்டு ரவுண்டுக்குள் முடித்திருந்தார். அதனால் ஒவ்வொரு குத்தையும் இதுதான் கடைசி என்பது மாதிரியே முழுப் பலத்தோடு வீசினார். மனிதக் கை எத்தனை தடவை அப்படி வீசும்? நடுவில் "இவ்வளவுதானா ஜார்ஜ்?" என்று அலி காதோரம் கேட்டதாக ஃபோர்மேனே பின்னாளில் பல தடவை சொல்லியிருக்கிறார். எட்டாவது ரவுண்டில் விழுந்தபோது அவர் கையில் பலம் மிச்சமே இல்லை. கின்ஷாசாவில் தோற்றது அவருடைய மூச்சும் பொறுமையும் என்று உங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: கிரிகோரியோ பெரால்டா உடம்பில் சின்ன ஆள். 1970-ல் அவர் பத்து ரவுண்டும் நிற்கவில்லையா?

நின்றார். நகரத் தெரிந்தவர், அடி முழுசாகப் படும் இடத்தில் ஒரு தடவையும் நிற்கவில்லை. அடுத்த வருஷம் பத்தாவது ரவுண்டில் நிறுத்தப்பட்டார். 1977-ல் ஃபோர்மேனை நடுவர்களின் புள்ளிக் கணக்கில் வென்ற ஜிம்மி யங் செய்ததும் இதையேதான். ஃபோர்மேனின் குத்து தூரத்திலிருந்தே கிளம்புவது தெரியும், கால் இருப்பவன் தப்பலாம். அது பலத்தின் குறை இல்லை, வேகத்தின் குறை.

கேள்வி: சார், நேரடியாகக் கேட்கிறேன். டைசனா ஃபோர்மேனா?

இருவரோடும் மோதியவர்களை வைத்து நிறையப் பேர் கணக்குப் போடுகிறார்கள். அலெக்ஸ் ஸ்டூவர்ட்டை டைசன் 1990-ல் முதல் ரவுண்டிலேயே முடித்தார், ஃபோர்மேன் 1992-ல் அவரை இரண்டு தடவை தள்ளியும் பத்து ரவுண்டு போய்ப் புள்ளியில்தான் வென்றார். லூ சவரீஸை டைசன் 38 விநாடியில் முடித்தார், ஃபோர்மேன் 1997-ல் நடுவர்கள் பிளவுபட்ட புள்ளித் தீர்ப்பில்தான் வென்றார். ஆனால் இது நியாயமான கணக்கு இல்லை சார், அந்த ஃபோர்மேனுக்கு வயது 43, 48. மறுபிரவேசத்தின் முதல் சண்டையில், 1987-ல், பத்து வருஷம் கிளவுஸ் தொடாமல் இருந்துவிட்டு ஸ்டீவ் ஸௌஸ்கியை நாலாவது ரவுண்டில் நிறுத்தினார். அதே ஸௌஸ்கியை முந்தின வருஷம் இளம் டைசன் நிறுத்தியது மூன்றாவது ரவுண்டில்.

என் கருத்து இது: டைசனின் குத்து சாட்டை, ஃபோர்மேனின் குத்து உலக்கை. டைசன் அடிப்பது தெரிவதற்குள் பட்டுவிடும். மூளையை அணைப்பது பெரும்பாலும் எதிர்பாராத குத்துதான், ஏனென்றால் கழுத்து இறுகாமல் இருக்கும்போது தாடையில் பட்டால் தலை சட்டென்று திரும்பிவிடும். ஒரே குத்தில் ஆளைத் தூங்கவைக்க டைசன். கையில் பட்டாலும் தோளில் பட்டாலும் ஆளை இடம் பெயர்த்து, நிற்கும் தெம்பையே எடுக்கும் கனம் என்றால் ஃபோர்மேன். விசையை மட்டும் அளந்தால் நான் ஃபோர்மேன் பக்கம்.

கேள்வி: ஃபோர்மேனே யாரைப் பெரிய குத்துக்காரர் என்றார்?

ஜெர்ரி கூனி, ரான் லைல், பயிற்சியில் மோதிய கிளீவ்லண்ட் வில்லியம்ஸ். அலி சொன்னது எர்னி ஷேவர்ஸை, அவர் அடித்த அடியில் ஆப்பிரிக்காவில் இருக்கும் தன் சொந்தக்காரர்கள்கூட அதிர்ந்தார்கள் என்றார்.

கேள்வி: வயசானால் பலம் போகும்தானே? 45 வயதில் எப்படி அடித்தார்? என் பையனுக்கு 16 வயசு, பையைத் தள்ளுகிற மாதிரிதான் குத்துகிறான், அதையும் சொல்லுங்கள்.

இரண்டும் ஒரே கேள்விதான் அக்கா. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒலிம்பிக் தரக் குத்துச்சண்டை வீரர்கள் ஏழு பேரை அளந்தார்கள். கை வேகம் சராசரியாக விநாடிக்கு 9.14 மீட்டர். குத்துக்குப் பின்னால் வேலை செய்த எடை சராசரி வெறும் 2.9 கிலோ, ஆனால் ஆளுக்கு ஆள் மிகவும் வித்தியாசப்பட்டது. எடைப் பிரிவு கூடக்கூட விசை கூடியதற்கு முக்கியக் காரணம் அந்த எடைதான், வேகம் இல்லை. படும் கணத்தில் மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு எல்லாம் ஒரே கம்பி போல இறுகுகிறவனுக்கு அந்த எடை அதிகம். எங்காவது ஒரு மூட்டு தொளதொளவென்று இருந்தால் பலம் அங்கேயே கசிந்துவிடும். வயதானால் வேகம் முதலில் போகிறது. இந்த இறுக்கம் பழகிய உடம்பில் தங்குகிறது. ஃபோர்மேனிடம் தங்கியது அதுதான்.

உங்கள் பையன் தள்ளுவது தப்பில்லை, கை பையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் தப்பு. பட்டவுடன் திரும்பி வரச் சொல்லுங்கள். பின்னங்காலின் குதிகால் திரும்புகிறதா என்று பாருங்கள். 16 வயதுதானே, பலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, மணிக்கட்டு நேராக இருக்கட்டும்.

கேள்வி: ஒரே ஒரு சண்டைதான் பார்க்க நேரம் இருக்கிறது. எது?

அடிதடி வேண்டுமென்றால் 1976 ஜனவரி, ரான் லைல். நாலாவது ரவுண்டில் ஃபோர்மேன் இரண்டு தடவை விழுகிறார், லைல் ஒரு தடவை விழுகிறார், ஐந்தாவதில் ஃபோர்மேன் முடிக்கிறார்.

நான் பார்க்கச் சொல்வது 1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ், எதிரே அப்போதைய உலக சாம்பியன் மைக்கேல் மூரர், ஃபோர்மேனுக்கு 45 வயது. அலியிடம் தோற்றபோது போட்டிருந்த அதே சிவப்பு டிரங்க்ஸ். மூலையில் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ, கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்றவர். ஒன்பது ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் அட்டையிலும் ஃபோர்மேன் பின்தங்கியிருந்தார், மூரர் இஷ்டத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார். பத்தாவது ரவுண்டை மட்டும் மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை மூரரின் முகத்தை. இரண்டாவது தடவை ஃபோர்மேனின் இடது கையை, அது எப்படி அளவெடுத்துக்கொண்டே இருக்கிறது என்று. மூன்றாவது தடவை அந்தக் கடைசி வலது கையை. ஓங்கல் இல்லை, வீச்சு இல்லை, முக்கால் அடி தூரம்கூடப் போயிருக்காது. மூரர் மல்லாந்து கிடக்கிறார், ஃபோர்மேன் மூலைக்குப் போய் முழங்கால் போட்டு ஜெபம் செய்கிறார்.