யூத ஆசாரமும் சமூக நீதியும்: கேள்வி பதில்

சார், யூத மதம் என்றாலே சாப்பாட்டு விதி, சனிக்கிழமை ஓய்வு, குல்லா என்றுதான் கேள்விப்படுகிறோம். சமூக நீதிக்கு அதில் எங்கே இடம்?

சாப்பாட்டு விதி வருகிற அதே புத்தகத்தில்தான். யூத வேதத்தின் லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தில் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று வருகிறது. 19இல், அறுவடையின்போது வயல் ஓரத்தை அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) விட்டுவிடு என்று வருகிறது. இரண்டும் கட்டளைதான். ஓரம் என்றால் எவ்வளவு? பொ.ஆ. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூத சட்டத் தொகுப்பான மிஷ்னா, அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமைகூட நிலத்துக்காரருக்குக் கிடையாது. ஏழை வருவார், அறுத்துக்கொண்டு போவார். மறந்துபோன கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது. ஏழைத் தொழிலாளியின் அன்றாடக் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் (உபாகமம் 24). மனம் இளகினால் செய், இல்லாவிட்டால் விடு என்கிற பேச்சே இல்லை. எனக்கு இந்த மதத்தில் பிடித்தது இந்தக் கறார்தான்.

பிறகு ஏன் பக்திமான்கள் ஒரு பக்கம், போராளிகள் ஒரு பக்கம் என்று தெரிகிறது?

அது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு விவகாரம். 1885இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கூடிய சீர்திருத்தப் பிரிவு ரப்பிகள் (யூத மதகுருக்கள்), உணவு, உடை விதிகள் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது என்று அறிவித்தார்கள். அதே அறிக்கையின் கடைசி அம்சத்தில், பணக்காரர் ஏழை ஏற்றத்தாழ்வை நீதியின் அடிப்படையில் தீர்ப்பது எங்கள் கடமை என்றார்கள். இன்றைய நிலை? அமெரிக்க யூதர்களிடம் பியூ ஆய்வு நிறுவனம் 2020இல் நடத்திய கணக்கெடுப்பில், யூதராக இருப்பதற்கு நீதிக்கும் சமத்துவத்துக்கும் உழைப்பது இன்றியமையாதது என்றவர்கள் 59%. மதச் சட்டத்தைக் கடைப்பிடிப்பது இன்றியமையாதது என்றவர்கள் 15%. நீதி என்ற சொல் நிலைத்தது. அறுபதில் ஒன்று, பொழுது சாய்வதற்குள் என்ற அளவுகள் போய்விட்டன. எனக்கு அது நஷ்டமாகத்தான் படுகிறது.

அண்ணா, யூத உணவு விதிப்படி தயாரானது என்று காட்டும் கோஷர் முத்திரை உள்ள கம்பெனி தொழிலாளியையும் ஒழுங்காக நடத்தும் என்று நம்பலாமா?

நம்ப முடியாது. அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் ஊரில் அமெரிக்காவின் மிகப்பெரிய கோஷர் இறைச்சி ஆலை இருந்தது. 2008 மே 12 அன்று குடியேற்ற அதிகாரிகள் சோதனையிட்டு 389 தொழிலாளர்களைக் கைது செய்தார்கள். பெரும்பாலோர் குவாத்தமாலாக்காரர்கள். அங்கே வேலை எந்த லட்சணத்தில் நடந்தது என்பதும் சந்திக்கு வந்தது. விதிப்படி, அறுக்கும் கத்தியின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தவர்கள், அதைப் பிடித்திருந்த கையைப் பார்க்கவில்லை. இதைக் கேட்டு முதலில் கொதித்தவர்களில் ஆசாரமான இளைஞர்களும் உண்டு. அவர்களுடைய 'ஊரி லெட்ஸெடெக்' அமைப்பு, அடுத்த ஆண்டே கோஷர் உணவகங்களுக்குத் தனி முத்திரை ஒன்றைக் கொண்டுவந்தது. சம்பளம், வேலை நேரம், பணியிடப் பாதுகாப்பு சரியாக இருந்தால்தான் அது கிடைக்கும். கட்டணம் கிடையாது.

மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்த தாடிக்காரர் யார்?

ரப்பி ஏப்ரஹாம் ஜோஷுவா ஹெஷல். 1907இல் வார்சாவில் பிறந்தவர், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர், ஆசாரம் விடாதவர். 1965 மார்ச்சில், கறுப்பர்களின் வாக்குரிமைக்காக நடந்த செல்மா ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்தார். என் கால்களே ஜெபம் செய்வதுபோல் உணர்ந்தேன் என்று பின்னால் எழுதினார்.

கொச்சி யூதர்களிடமும் பாகுபாடு இருந்ததாமே, உண்மையா?

உண்மை. மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்தில், விடுதலையான அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லப்பட்ட யூதர்களைச் சமமாக உட்கார விடவில்லை. பெண் கொடுப்பது, எடுப்பது கிடையாது. இத்தனைக்கும் இவர்களை ஒதுக்கியவர்கள் ஓய்வுநாளையும் உணவு விதியையும் இம்மி பிசகாமல் காத்தவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், யூத மதச் சட்டம், ஒதுக்கப்பட்டவர்களின் பக்கம்தான் இருந்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்குக் கேள்வி எழுதிப் போட்டார்கள். முறைப்படி முழுக்குப் பெற்று விடுதலையானவர்கள் முழு யூதர்களே, மண உறவும் கொள்ளலாம் என்று ரப்பி டேவிட் இப்னு ஸிம்ரா பதில் எழுதினார். மேட்டுக்குடி அதைக் கண்டுகொள்ளவில்லை.

20ஆம் நூற்றாண்டில் அந்த ஒதுக்கப்பட்ட பிரிவிலிருந்து ஏ.பி. சேலம் வந்தார். சென்னையில் சட்டம் படித்த வழக்கறிஞர், கொச்சி சட்டசபை உறுப்பினர், காந்தியவாதி. ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் நடத்தினார். 'யூத காந்தி' என்றே பெயர் வந்தது. தடைகள் மெள்ள மெள்ளத் தளர்ந்தன. மதத்தை விட்டு வெளியேறி அவர் போராடவில்லை என்பதைக் கவனியுங்கள். உன் சட்டத்தையே ஒழுங்காகக் கடைப்பிடி என்றுதான் கேட்டார்.

இந்த நீதி யூதர்களுக்குள் மட்டும்தானா?

இதில் சண்டை ஓயவில்லை. பிற இனத்து ஏழைகளையும் நம் ஏழைகளோடு சேர்த்தே தாங்க வேண்டும் என்கிறது, மிஷ்னாவையும் அதன் மீதான ரப்பிகளின் விவாதங்களையும் கொண்ட தால்மூத். ஆனால் சமாதானத்தின் பொருட்டு என்று காரணம் சொல்கிறது. உரிமை என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் உண்டு, அது நியாயமான கேள்விதான். 1988இல் இஸ்ரேலில் தொடங்கிய 'மனித உரிமைக்கான ரப்பிகள்' அமைப்பினர், மேற்குக் கரையில் பாலஸ்தீன விவசாயிகளோடு ஆலிவ் அறுவடைக்குப் போகிறார்கள். அந்த மரங்களுக்கு எதிர்மேட்டில் குடியேறியிருக்கும் யூதர்களிலும் யூத வேதமான தோராவை ஓதுகிறவர்கள் பலர்.

படிக்க எங்கே தொடங்கலாம், சார்?

லேவியராகமம் 19. 37 வசனங்கள்தான், தமிழ் பைபிளிலேயே இருக்கிறது. அடுத்து ஏசாயா 58. யோம் கிப்பூர் உபவாச நாளன்று காலையில் ஜெபாலயத்தில் வாசிப்பது அதைத்தான். பட்டினி கிடப்பவர்களைப் பார்த்து, நான் கேட்ட உபவாசம் இதுவா என்று கடவுள் கேட்கிற பகுதி.