எந்த ஊர், எந்த மொழி, யார் பக்கம்? - வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். நான் படித்தது முழுக்கத் தமிழ்வழியில். வேலை, ஓசூர் சிப்காட்டில். பெங்களூருக்குப் போனால் 'தமிழ்க்காரர்' என்கிறார்கள். சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் 'நீங்கள் கர்நாடகமா?' என்று கேட்கிறார்கள். இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான 'நான்' என்கிறார் என் நண்பர். அது சரியா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: உங்கள் நண்பர் சொல்வது வேதாந்தத்துக்குப் பொருந்தலாம், ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பொருந்தாது. அம்மாவிடம் தெலுங்கில் கோபித்துக்கொள்பவரையும், ஷிஃப்ட் முடிந்ததும் அடுத்து வருபவரிடம் தமிழில் கணக்கு ஒப்படைப்பவரையும் கழித்துக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுபவருக்கு யாரோடும் பேச ஒரு மொழிகூட இருக்காது.

ஹென்றி தாஜ்ஃபெல், ஜான் டர்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் சமூக அடையாளக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். தன்னைப் பற்றி ஒருவர் கொண்டிருக்கும் எண்ணத்தில் ஒரு பகுதி, தான் இன்ன குழுவைச் சேர்ந்தவர் என்ற அறிவிலிருந்தும், அதற்கு அவர் தரும் மதிப்பிலிருந்தும் வருகிறது என்பது அதன் சாரம். அந்தப் பகுதியிலும் எது எப்போது மேலே வரும் என்பதை எதிரே நிற்பவரே பெரும்பாலும் தீர்மானிக்கிறார். பெங்களூரில் உங்கள் தமிழ் தெரிகிறது; சென்னையில் உங்கள் எல்லைப்புறம் தெரிகிறது. இரண்டு இடத்திலும் நீங்கள் வேடம் போடவில்லை.

இதற்கு உங்கள் மாவட்டத்தையே சான்றாகச் சொல்லலாம். 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. தேன்கனிக்கோட்டையை விட்டு நகராத ஒரு முதியவர், இருந்த இடத்திலேயே மூன்று மாவட்டத்துக்காரர் ஆகியிருக்கிறார். இது வெறும் அலுவலகக் கோடுதான் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. 'பழம் எங்களுடையது, பெயர் மட்டும் சேலத்து மாம்பழமா?' என்று இன்று கிருஷ்ணகிரி விவசாயி ஒருவர் அலுத்துக்கொண்டால் அதில் நியாயமான ரோஷம் இருக்கிறது. ஆனால் அவருடைய தாத்தாவுக்கு இப்படி ஒரு குறையே தோன்றியிருக்காது, ஏனெனில் அவரும் சேலம் மாவட்டத்துக்காரர்தானே.

ஆகவே பல அடையாளங்கள் இருப்பதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். பிறர் அவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, 'இதுதான் நீ' என்று முடிவு கட்டும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. தாஜ்ஃபெல் இதை அனுபவித்து அறிந்தவர். போலந்து யூதரான அவர், இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படைவீரராக ஜெர்மானியரிடம் பிடிபட்டார். போலந்துக்காரர் என்பதை மறைத்துப் பிரெஞ்சுக்காரராகவே இருந்ததால் உயிர் பிழைத்தார். அவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கையில் வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறான். 'நம்ம பசங்க எல்லாரும் கட்டுறாங்கப்பா' என்கிறான். அறுத்து எறியலாமா?
- ஒரு தந்தை, பாலக்கோடு

பதில்: சாதியைக் காட்டும் கயிறு கூடாது என்பதில் சந்தேகமில்லை. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சாதியின் பெயரால் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவும், 2024இல் அளித்த அறிக்கையில் இத்தகைய கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. ஆனால் நீங்கள் அறுத்தால் அவன் நாளை வேறொன்றைக் கட்டுவான், அதுவும் உங்களுக்குத் தெரியாமல். அந்த வயதில் அவனுக்குச் சாதியைவிட 'பசங்க' என்பதுதான் பெரிது.

மேலே சொன்ன தாஜ்ஃபெல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 14, 15 வயதுப் பள்ளிச் சிறுவர்களை வைத்துச் செய்த சோதனை 1971இல் வெளியானது. க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்பதை வைத்துப் பிரித்திருப்பதாகச் சிறுவர்களிடம் சொன்னார்கள்; உண்மையில் மனம்போனபடி பிரித்திருந்தார்கள். தனக்கென எதுவும் எடுத்துக்கொள்ளாமல் பிறருக்குப் பணம் பங்கிடும்படி கேட்டபோது, சிறுவர்கள் முகம் தெரியாத தங்கள் குழுவினருக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். தங்கள் குழுவுக்குச் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவுக்கும் தங்களுக்கும் இடைவெளி பெரிதாக இருக்க வேண்டும் என்ற போக்கும் தென்பட்டது. முன்பகை எதுவும் இல்லாமலேயே இவ்வளவும் நடந்தது.

க்ளே குழுச் சிறுவன் வீட்டுக்குப் போனதும் அவனுடைய குழு கலைந்துவிட்டது. உங்கள் மகனுடைய குழுவுக்கோ வீட்டிலும் தீனி கிடைக்கிறது: திருமணப் பேச்சில், நிலத் தகராறில், சுடுகாட்டுப் பாதையில். ஆகவே முதலில் பெரியவர்களின் வாயைக் கட்டுங்கள். அவனைக் கபடி அணியிலோ என்.சி.சி.யிலோ சேர்த்துவிடுங்கள், பல சாதிப் பிள்ளைகளைக் கலந்து உட்கார வைப்பது மட்டும் போதாது, ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு முடியாத வேலை ஒன்று அவர்களுக்கு இருக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். வகுப்பில் யாருக்கெல்லாம் அந்தக் கயிறு தரப்படவில்லை என்று அவனிடம் கேளுங்கள். போன வருடம்வரை உங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போன பையன் யாராவது அந்தப் பட்டியலில் இருந்தால், பொங்கலுக்கு அவனை நீங்களே அழையுங்கள். மகனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.