கேற்றடியில் நிற்பவரின் முகம் தெரிய எந்தக் கமரா?

கேள்வி: கோண்டாவிலில் நான்கு பரப்பு வளவில் எங்கள் வீடு. அம்மா தனியாக இருக்கிறார், நாங்கள் கொழும்பில். வெளியே பூட்டியிருந்த வைஃபை கமரா கடந்த மாரியில் தண்ணீர் போய் நின்றுவிட்டது. ஒரு கடையில் டோம் கமரா நான்கு போடச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில், சுழலும் கமரா ஒன்றே முழு வளவுக்கும் போதும் என்கிறார்கள். விறாந்தைக்கும் கேற்றுக்கும் இடையே 12 மீற்றர் இருக்கும். எதை வாங்கலாம்?

பதில்: கமராவின் வகையைப் பேசுவதற்கு முன் கேற்றைப் பற்றிக் கேட்கிறேன். திறந்து வருபவரின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டுமா, யாரோ வருகிறார் என்று தெரிந்தால் போதுமா? அம்மா தனியாக இருக்கும் வீட்டுக்கு முகம் தெரிய வேண்டும் என்பதே என் எண்ணம்.

முன்பின் அறியாத ஒருவரைப் படத்தில் ஐயமின்றி அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்சல் (படப்புள்ளி) இருக்க வேண்டும் என்பது இத்துறையின் ஐரோப்பிய அளவுகோல். பழகிய முகம் என்றால் அதில் பாதி போதும். இரண்டு மெகாபிக்சல் கமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 250ஆல் வகுத்தால் ஏழரை மீற்றர் சொச்சம். படத்தில் அதைவிட அகலமான இடம் அடங்கினால் முகம் தெளியாது. கடைகளில் அதிகம் விற்பனையாகும் 2.8 மி.மீ. வில்லை (லென்ஸ்) அவ்வளவு அகலத்தைச் சுமார் மூன்று மீற்றர் தூரத்திலேயே எட்டிவிடும். அப்படியான கமராவை விறாந்தையில் பூட்டினால் கேற்றடியில் நிற்பவரின் சட்டை நிறம் தெரியும், முகம் தெரியாது. நான்கு மெகாபிக்சலும் 4 மி.மீ. வில்லையும் என்றால் ஆறு மீற்றர் வரை முகம் பிடிபடும். ஆகவே அந்த அளவில் ஒரு கமராவை வாங்கி, வளவுக்குள்ளே கேற்றிலிருந்து நான்கைந்து மீற்றர் தள்ளி ஒரு தூணில், இரண்டரை மீற்றர் உயரத்தில் பூட்டுங்கள். அதைவிட மிக உயரத்தில் ஏற்றினால் தொப்பியும் தலைமுடியும்தான் பதிவாகும்.

இனி வகை. டோம் கமராவின் கண்ணாடிக் குமிழ் மழை படாத தாழ்வாரத்துக்கு நல்லது. திறந்த வெளியில் மழைத்துளியும் உங்கள் பக்கத்துச் செம்மண் புழுதியும் அதில் படியும். இரவில் கமராவின் அகச்சிவப்பு ஒளி அந்தப் படிவில் பட்டுத் திரும்பிப் படம் முழுவதும் வெண்புகையாகிவிடும். சுழலும் கமராவை நான் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது கிணற்றடியைப் பார்க்கும் நேரத்தில் கேற்றைப் பார்க்காது. நீளமான புல்லட் கமரா மோசமில்லை, ஆனால் கைக்கு எட்டினால் ஒரு தட்டில் திசை மாறிவிடும். விழிபோல உருண்டையாக, குமிழ் மூடி இல்லாமல் இருக்கும் டரெட் வகையே உங்கள் வளவுக்குப் பொருத்தம். கேற்றுக்கு ஒன்று, பக்க ஒழுங்கைக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. மூன்று போதும்.

பெட்டியில் ஐபி 66 அல்லது 67 என்று இருக்கிறதா பாருங்கள். முதல் 6 தூசி புகாது என்பதைக் குறிக்கும். அடுத்த இலக்கம் 6 என்றால் பலமாகப் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். குருநகர், பருத்தித்துறை போன்ற கரையோரங்களில் இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளையும் கேட்டு வாங்க வேண்டும். உப்புக்காற்றில் சாதாரண ஆணி நிலைக்காது.

ஆனால் அந்த இலக்கம் கமராவின் உடலுக்குத்தான். பின்னால் வால்போலத் தொங்கும் வயர் இணைப்புக்கு அது பொருந்தாது. மாரியில் நின்றுபோன கமராக்களை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன். உடலுக்குள் ஒரு துளி ஈரமும் இருக்காது. இணைப்பின் செப்புக் கம்பிகளில் மட்டும் பச்சைப் பாசிபோலக் களிம்பு ஏறியிருக்கும். கூரையில் வழிந்த தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு நேரே அதற்குள் இறங்கியிருக்கும். உங்கள் கமராவுக்கும் இதுவே நடந்திருக்கலாம். எனவே இணைப்புகளை நீர்புகாப் பெட்டிக்குள் வைத்து, வயர் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்குமாறு விடச் சொல்லுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டி விழுந்துவிடும். பூட்டுபவருக்கு ஐந்து நிமிட வேலை. பக்கத்தில் நின்று செய்விக்க வேண்டும்.

வைஃபை இம்முறை வேண்டாம். தடித்த கல்சுவர்களைத் தாண்டிக் கேற்றடிக்குப் போகும்போது அலை மெலிந்துவிடும், மின்சாரத்துக்கு எப்படியும் வயர் இழுக்கத்தான் வேண்டும். பிஓஇ முறையில் ஒரே கேபிள் மின்சாரத்தையும் படத்தையும் 100 மீற்றர் வரை கொண்டுபோகும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலை நினைத்து மின்னெழுச்சித் தடுப்பானும் சரியான நில இணைப்பும் போடுங்கள். கமராக்களுக்கு மின்சாரம் தரும் பதிவுப் பெட்டியையும் ரவுட்டரையும் ஒரு சிறிய யுபிஎஸ்ஸில் இணைத்தால் குறுகிய மின்தடையில் பதிவு நிற்காது. ஒரு கமரா செக்கனுக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் மூன்றுக்கும் நாளொன்றுக்கு 65 ஜிகாபைட் ஆகும். ஒரு டெராபைட் வன்தட்டில் பதினைந்து நாள் பதிவு கிடைக்கும்.

கமராவுக்கு முன்னால் வாழையிலையோ முருங்கைக் கொப்போ நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிடுங்கள். இரவில் அந்த இலை வெள்ளையாகப் பளிச்சிடும், அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாம் இருண்டுவிடும். சிலந்தியும் கமராவைத் தேடி வந்து வலை கட்டும். அம்மாவுக்கு உதவ வருபவரிடம் மாதம் ஒருமுறை தும்புத்தடியால் தட்டிவிடச் சொல்லுங்கள்.

பின்பக்கக் கமரா அயல்வீட்டுக் கிணற்றடியைப் பார்க்கக் கூடாது. அங்கே ஆட்கள் குளிப்பார்கள். கோணத்தைத் திருப்ப முடியாவிட்டால் படத்தின் அந்தப் பகுதியை மறைக்கும் வசதி பல பதிவுப் பெட்டிகளில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு அயலாருக்கும் காட்டுங்கள். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள்.

மீதிப் பணத்தைப் பகலில் கொடுக்க வேண்டாம். இருட்டிய பிறகு பூட்டியவரையே கேற்றுக்கு வெளியே போய்த் திறந்துகொண்டு உள்ளே வரச் சொல்லுங்கள். கொழும்பில் இருந்தபடி கைபேசியில் பாருங்கள். அவருடைய முகம் தெரிந்தால் பணத்தை அனுப்பலாம்.