வானொலி யாருடைய ஊரைப் பேசுகிறது?

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் எங்கள் தையற்கடையில் காலை கடை திறந்தது முதல் இரவு பூட்டும்வரை வானொலி பாடிக்கொண்டே இருக்கும். தமிழ்த் தனியார் வானொலிகள் எல்லாவற்றையும் மாறி மாறிக் கேட்கிறோம். கடந்த மாரியில் கிரான் பக்கம் வெள்ளம் வீதியை மேவிப் பாய்ந்த ஒரு காலையில், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த வானொலி கொழும்பு காலி வீதியின் வாகன நெரிசலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர்களில் நமது மாவட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குமா ஊர் மறந்துவிட்டது? ஒரு தனியார் வானொலிக்குள் எதை ஒலிபரப்புவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? மட்டக்களப்பிலிருந்து நாமே ஒரு வர்த்தக வானொலியை நடத்த முடியாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

அறிவிப்பாளர்களை நொந்துகொள்ளாதீர்கள். நீங்கள் கேட்கும் குரல் அவர்களுடையது. ஆனால் அந்தக் குரல் எந்த ஊரை நோக்கிப் பேசவேண்டும் என்பது அவர்கள் கையில் இல்லை. கொழும்பில் ஒரு தனியார் வானொலியின் விளம்பரப் பிரிவில் சில காலம் வேலை செய்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஒரு வர்த்தக வானொலி தனக்குப் பணம் வரும் ஊரைத்தான் பேசும். உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை இதற்குள் இருக்கிறது.

நேயருக்கு வானொலி என்றால் அறிவிப்பாளர்தான். நிறுவனத்துக்குள் அவர் பல பிரிவுகளில் ஒன்றின் கடைசிக் கண்ணி. நிகழ்ச்சி முகாமையாளரின் கீழ் அறிவிப்பாளர்களும் தயாரிப்பாளர்களும் பாடல் வரிசையைத் தீர்மானிப்பவரும் வருகிறார்கள். செய்திப் பிரிவு தனியாக இயங்கும். பொறியியலாளர்கள் கலையகத்தையும் மலை உச்சிகளில் இருக்கும் ஒலிபரப்பு நிலையங்களையும் பார்த்துக்கொள்வார்கள். இவை எல்லாவற்றுக்கும் சம்பளம் தேடித் தருவது விற்பனைப் பிரிவு. அந்தப் பிரிவுக்கும் கலையகத்துக்கும் நடுவே, வெளியில் யாருக்கும் தெரியாத ஒரு சிறிய மேசை உண்டு. எங்களிடையே அதற்கு டிராஃபிக் என்று பெயர். எந்த விளம்பரம் எத்தனை மணிக்கு, எந்த விளம்பரத்துக்குப் பின்னால் போகவேண்டும் என்று மறுநாளைக்கான பட்டியலை முதல்நாளே தயாரித்து முடிப்பது அந்த மேசையின் வேலை. இரண்டு வங்கிகளின் விளம்பரங்களை அடுத்தடுத்துப் போடக்கூடாது, அனுசரணையாளரின் பெயர் செய்திக்கு முன்னும் பின்னும் வரவேண்டும் என்பன போன்ற விதிகள் எல்லாம் அந்தப் பட்டியலில்தான் அடங்கியிருக்கும்.

காலை 7 மணிக்குக் கலையகத்தில் இருக்கும் அறிவிப்பாளரின் திரையைப் பார்த்தால், அந்த மணித்தியாலம் முழுவதும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். நேரம் சொல்வதற்கு ஒரு நிறுவனம் பணம் கொடுத்திருக்கும், செய்திக்கு இன்னொன்று, அதன்பின் 30 செக்கன் விளம்பரங்கள் நிரையாக, பிறகு கணினி தெரிவுசெய்த இரண்டு பாடல்கள், அவற்றுக்கிடையே அவர் பேசுவதற்கு ஓரிரு நிமிடம். பட்டியலில் உள்ள ஒரு விளம்பரம் தவறினால் அதற்கு ஈடாக இன்னொரு நேரத்தில் இலவசமாக ஒலிபரப்பவேண்டும், எழுத்தில் விளக்கமும் கொடுக்கவேண்டும். எது எத்தனை மணிக்குப் போனது என்ற சான்றைச் சேர்த்து அனுப்பினால்தான் விளம்பரதாரர் பணம் தருவார். கிரானில் வீதி மூடப்பட்ட செய்தி அந்த அறிவிப்பாளருக்குத் தெரிந்திருந்தாலும், தனக்குக் கிடைத்த அந்த ஓரிரு நிமிடத்தில், காலை வேளையில் கொழும்பில் வாகனம் ஓட்டிக்கொண்டிருக்கும் நேயருக்காகப் பேசும்படிதான் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும்.

ஏன் கொழும்பு நேயர்? தேசிய அளவில் விற்பனையாகும் சவர்க்காரம், பால்மா, தொலைபேசி இணைப்பு, வங்கி ஆகியவற்றின் விளம்பரங்களே தனியார் வானொலிகளின் பெரும் வருமானம். அந்த நிறுவனங்கள் நேரடியாக வருவதில்லை. விளம்பர முகவர் நிறுவனங்கள் ஊடாக வருகின்றன. விளம்பரக் கட்டணத்தில் மரபாக 15 வீதம் முகவருக்குரிய தரகு. எந்த வானொலிக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை அந்த முகவர்கள் நேயர் ஆய்வுகளைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். தெரிவுசெய்யப்பட்ட வீடுகளில் உள்ளவர்கள் எந்த வேளையில் எந்த வானொலியைக் கேட்டார்கள் என்று குறித்துத் தரும் நாட்குறிப்புகளே அத்தகைய ஆய்வுகளின் மரபான அடிப்படை. மாதிரி வீடுகள் சனத்தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படும்போது, வாங்கும் சக்தியும் சனத்தொகையும் சேர்ந்து குவிந்திருக்கும் மேல் மாகாணம் தானாகவே முன்னால் வந்து நிற்கும். இதில் எவரும் நமக்கு எதிராகச் சதி செய்யவில்லை.

பழைய வரலாறும் இதையே காட்டுகிறது. 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. அவுஸ்திரேலியரான கிளிஃபர்ட் டொட் அதற்குப் பொறுப்பாக இருந்தார். 1950 களின் முற்பகுதியில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்திருந்தது, விளம்பரத்தையும் ஏற்கவில்லை. எனவே இந்திய நிறுவனங்கள் கொழும்பில் நேரம் வாங்கின. ஒரு பற்பசை நிறுவனத்தின் பணத்தில் பம்பாயில் ஒலிப்பதிவான இந்திப் பாடல் நிகழ்ச்சி கொழும்புக்கு அனுப்பப்பட்டு, இங்கிருந்து சிற்றலையில் இந்தியாவுக்கே திரும்பிப் போனது. தமிழ் வர்த்தக ஒலிபரப்புக்குத் தமிழ்நாட்டில் இருந்த நேயர் கூட்டமும் அறிந்ததே. கலையகம் கொழும்பில் இருந்தும் அந்தச் சேவை கடலுக்கு அப்பாலுள்ள ஊர்களைப் பேசிற்று, பணம் அங்கிருந்து வந்த காரணத்தால்.

அதே வானொலியில் நமது ஊர்களின் பெயர்கள் தவறாமல் ஒலித்த ஓர் இடம் இருந்தது: மரண அறிவித்தல். கல்லாற்றையோ அக்கரைப்பற்றையோ பிறப்பிடமாகக் கொண்ட இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும் இன்னாரின் பாசமிகு தந்தையும் ஆவார், பூதவுடல் இத்தனை மணிக்கு இந்த மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும் என்று அறிவிப்பாளர் நிறுத்தி நிதானமாக வாசிக்கும்போது, வீடுகளில் பேச்சு நின்றுவிடும். அந்த ஓரிரு நிமிடங்களில் ஒரு தேசிய வானொலி ஒரு கிராமத்தின் வானொலியாகவே ஆகிவிடும். அந்த நேரத்துக்குரிய கட்டணத்தை அந்தக் கிராமத்துக் குடும்பம் கட்டியிருந்தது. இந்த ஓர் உதாரணத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று விரும்புகிறேன்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. தனியார் ஒலிபரப்புக்கான உரிமம் 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44 ஆம் பிரிவின் கீழ் அமைச்சரால் வழங்கப்படுவது. அலைவரிசையைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு ஒதுக்கவேண்டும். அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து, அவற்றைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பு அரசாங்கத்தின் பிடிக்கு வெளியே சுதந்திரமாக இருக்கவேண்டும் என்று 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. பொதுச் சொத்து என்று நீதிமன்றம் சொன்ன ஒன்றில் கிழக்கின் நேயருக்குரிய பங்கு எது என்று கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. அதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் உரிமம் கிடைத்தாலும் நிலம் நமக்குச் சுலபமாக இடம் தராது. எப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. மட்டக்களப்பு நகரில் 60 மீற்றர் உயரக் கோபுரம் ஒன்றை எழுப்பினால், அது எட்டும் தூரம் 30 முதல் 35 கிலோமீற்றர். வடக்கே வாழைச்சேனை, தெற்கே உங்கள் களுவாஞ்சிகுடி, அவ்வளவுதான். கல்முனையில் தெளிவு குறையும். ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் பொத்துவிலுக்கு எட்டவே எட்டாது. அந்த வட்டத்தின் கிழக்குப் பாதி பெரும்பாலும் கடல். நமது மக்கள் ஒரு நீண்ட, ஒடுங்கிய கரையோரத்தில் வாழ்கிறார்கள். அவர்களை எட்ட ஒன்றுக்கு மேற்பட்ட கோபுரங்கள் வேண்டும், அல்லது மேற்கே மலைநாட்டின் உச்சி ஒன்றிலிருந்து ஒலிபரப்பவேண்டும். கொழும்பு நிறுவனங்கள் மலைகளை நாடியது இதனால்தான். ஒரு நிறுவனமே மூன்று மொழிகளில் நான்கைந்து வானொலிகளை நடத்தும்போது மலையின் வாடகையும் மின்சாரச் செலவும் பொறியியலாளரின் சம்பளமும் பங்கிடப்படுகின்றன. தனியே நிற்கும் ஒரு மட்டக்களப்பு வானொலிக்கு அந்த வசதி கிடைக்காது.

இந்தியாவில் 2000 களிலிருந்து தனியார் எப்.எம். உரிமங்கள் நகரம் நகரமாகவே ஏலம் விடப்பட்டன. அதனால் திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் தனித்தனி ஒலிபரப்பு உண்டு, அங்குள்ள நகைக்கடையும் புடவைக்கடையும் தம் ஊருக்கு மட்டும் விளம்பரம் செய்ய முடிகிறது. அங்கே தனியார் எப்.எம். வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை என்பது பெரிய குறை. இங்கே செய்திக்கு அந்தத் தடை இல்லை. ஊருக்கான உரிமம்தான் அரிது.

நமது கடைக்காரரின் நிலையைப் பாருங்கள். கல்முனையில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவருக்குக் காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரையுள்ள வாடிக்கையாளர்கள் போதும். தனியார் வானொலியில் ஒரு 30 செக்கன் வாங்கினால் யாழ்ப்பாணம், ஹட்டன், கொழும்பு எல்லாவற்றுக்குமான விலையை அவர் கொடுக்கவேண்டும். கேட்டவுடன் எழுந்து போய்விடுவார். அவர் பணம் கட்டாத வானொலியில் அவருடைய ஊரும் வராது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் 5 இலட்சத்து 26 ஆயிரம் பேரும் அம்பாறையில் 6 இலட்சத்து 49 ஆயிரம் பேரும் இருந்தார்கள். அம்பாறையின் சிங்கள மக்களைக் கழித்தாலும் தமிழ் பேசுவோர் 9 இலட்சத்துக்குக் குறையமாட்டார்கள். சந்தை என்று எடுத்துக்கொண்டால் இது அற்பமானதல்ல. அதைத் தனியாக விலை பேசி விற்பதற்குத்தான் ஆள் இல்லை.

ஆகவே நான் சொல்லக்கூடிய வழி இது. புதிய வானொலி தொடங்குவதற்கு முன், இயங்கும் வலையமைப்பு ஒன்றிடம் கிழக்குக்கென்று ஒரு சாளரம் கேளுங்கள். காலை 6.30 முதல் 7 மணிவரை, கிழக்கை நோக்கிய ஒலிபரப்பு நிலையம் மட்டும் மட்டக்களப்பிலுள்ள ஒரு சிறு கலையகத்தின் ஒலியை எடுக்கவேண்டும். நாட்டின் மற்றப் பகுதிகள் வழமையான நிகழ்ச்சியைக் கேட்கும். தொழில்நுட்ப ரீதியில் இது புதிதல்ல, பல நாடுகளில் பல்லாண்டு காலமாக நடப்பது. உரிமத்தின் நிபந்தனைகள் இதற்கு இடம் தருகின்றனவா என்பதை ஊடக அமைச்சிடம் முதலில் எழுத்தில் பெறவேண்டும். அந்த அரை மணித்தியாலத்தில் குளங்களின் வான்கதவு நிலவரம், மீனவருக்கான வானிலை, வீதி நிலவரம், நெல் விலை, மரண அறிவித்தல் ஆகியவை போதும். அறிவிப்பாளரைத் தேடி நீங்கள் அலையவேண்டியதில்லை; நல்ல குரல்கள் இங்கே நிறைய உண்டு. விளம்பரம் கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கக்கூடிய, கணக்குத் தெரிந்த இருவர்தான் முதலில் வேண்டும்.

ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று வர்த்தக சங்கங்களோடு பேசி, ஒரு மாதத்துக்கு எந்தக் கடை எவ்வளவு கொடுக்க முன்வரும் என்ற கணக்கைத் தயாரித்துக்கொள்ளுங்கள். தேசியக் கட்டணத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள். அவர்களால் என்ன முடியும் என்று கேளுங்கள். அந்தக் கணக்கை எனக்கு அனுப்பினால், விற்பனைப் பிரிவின் தலைவர் எடுத்துப் படிக்கக்கூடிய வடிவில் அதை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்.