டைனீமா கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது ஏன்?

பலம் போதாமல் இல்லை, நீளாததால்தான் அறுந்தது. கடலூர் முகத்துவாரத்தில் படகைக் கட்டி இழுத்தபோது நைலானைவிடப் பலமான டைனீமா (ஒருவகை பாலிஎத்திலீன் இழைக் கயிறு) ஏன் போனது என்று கேட்டிருந்தீர்கள். நைலான் அறுவதற்கு முன் 20 சதவீதத்துக்கு மேல் நீண்டு அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். டைனீமா இழை 3, 4 சதவீதத்திலேயே முடிந்துவிடும், அதனால் அதே அலைக்கு அதன் மேல் விழும் இழுப்பு பல மடங்கு.

அறுந்த முனையைப் பாருங்கள். முடிச்சுக்குப் பக்கத்திலா? அப்படியானால் முடிச்சும் ஒரு காரணம், இந்த வழுக்கும் இழையில் முடிச்சு போட்டாலே பாதிப் பலம் போய்விடும், ஸ்ப்ளைஸ் போட்ட, அதாவது முனையைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னிய, கண்ணிதான் சரி. இழைகள் உருகி ஒட்டியிருந்தால் உரசல் சூடு; சுமார் 150 டிகிரியிலேயே உருகிவிடும்.

அப்புறம், அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ள, கயிற்றின் நடுவில் கொஞ்ச நீளம் தடித்த நைலான் சேர்த்துப் பாருங்கள். ஆனால் நைலான் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும், கயிறு போகும் பக்கம் தயவுசெய்து யாரையும் நிற்க விடாதீர்கள்.