நர்ஸ் எதற்குத் தம்பி மறுபடி பின் அடிக்கப் போகிறார்?

கேள்வி: என் தங்கைக்கு 20 வயது. இரண்டு வருடம் முன்பு அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய், பி செல் வகை என்றார்கள். அரசு மருத்துவமனையில் கீமோ கொடுத்து நன்றாகத்தான் இருந்தாள். மாத்திரை மட்டும் சாப்பிடும் கட்டத்தில் இருக்கும்போதே போன மாதம் நோய் திரும்பிவிட்டது. 'கிளினிக்கல் டிரையல், அதாவது மருத்துவ ஆய்வு, ஏதாவது இருந்தால் பார்க்கலாம்' என்கிறார் டாக்டர். நெட்டில் தேடி அமெரிக்காவில் நடக்கும் நாற்பது ஆய்வுகளைக் குறித்து வைத்திருக்கிறேன். நம் ஊரில் எப்படித் தேடுவது, எப்படிச் சேர்வது? சோதனை எலி ஆக்கிவிடுவார்கள் என்று அம்மா அழுகிறார். அப்பா இல்லை. தங்கையிடம் ரத்தசோகை என்றுதான் சொல்லியிருக்கிறோம். சொந்தக்காரர்களிடமும் அப்படித்தான், நாளைக்கு ஒரு சம்பந்தம் பேச வேண்டுமே. பிளேட்லெட் தேவைப்பட்டபோது கம்பெனி நண்பர்கள்தான் வந்து கொடுத்தார்கள். ஃபைலில் நோயின் பெயர் வரும் பக்கங்களை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடி வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு தடவை பின் இடம் மாறியிருந்தது, நர்ஸ் யாராவது பிரித்துப் பார்த்திருப்பார்கள். வழி சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை.

பதில்: தம்பி, டிரையல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். முதலில் அந்தப் பின் விஷயத்தை முடித்துவிடலாம்.

வார்டு நர்ஸ்களை இரண்டு வருடமாகப் பார்க்கிறீர்கள். அவருக்கு ஒரு ரிப்போர்ட் வேண்டுமென்றால் வெடுக்கென்று இழுப்பார், காகிதத்தின் மூலை கிழியும், பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவார். பின்னின் இரண்டு காலையும் நகத்தால் மெதுவாக நிமிர்த்தி, படித்து முடித்து, ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஒரு பின் அடித்து வைக்க அவருக்கு என்ன தலையெழுத்து? அதைச் செய்தது உங்கள் தங்கை. நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில், உங்கள் ஸ்டேப்ளரை எடுத்து.

அந்தப் பக்கங்களைப் பிரிக்க வேண்டிய அவசியம்கூட அவளுக்கு இருந்திருக்காது. ரத்தசோகைக்கு யாராவது முதுகுத் தண்டில் ஊசி போடுவார்களா? முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுமா? மாத்திரை அட்டையில் மெர்காப்டோப்யூரின் என்று அச்சடித்திருக்கிறது, கையில் போன் இருக்கிறது. முழுப் பூசணிக்காயை ஒரு கைப்பிடி சோற்றில் மறைத்துவிட்டு, அவள் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அண்ணனும் அம்மாவும் இவ்வளவு பாடுபடுகிறார்களே என்று அந்தப் பெண் உங்களுக்காகத் தெரியாத மாதிரி நடித்துக்கொண்டிருக்கிறது. கீமோவையும் தாங்கிக்கொண்டு இந்த வேலையும் அவளுக்கு.

என் பெரியம்மாவிடம் குடல் புண் என்று சொல்லி எட்டு மாதம் மறைத்தோம். நானும் உடந்தை. அவர் போன பிறகு அரிசி டின்னுக்குள் ஒரு நோட்டு கிடைத்தது. எந்த நகை எந்தப் பேத்திக்கு என்று பென்சிலில் எழுதியிருந்தார், நாங்கள் பொய் சொல்ல ஆரம்பித்த அதே மாதத்துத் தேதி போட்டு. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் யாருக்கும் நான் இனிப்பாகப் பதில் சொல்வதில்லை.

சரி, டிரையலுக்கு வருவோம். நம் நாட்டில் 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, 18 வயது நிரம்பியவர் ஆய்வில் சேர வேண்டுமானால் அவரே எல்லாவற்றையும் கேட்டுப் புரிந்துகொண்டு, அவரே கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் போடும் கையெழுத்து அங்கே செல்லாது. ஏழு வயதுப் பிள்ளையிடம்கூட அதற்குப் புரிகிற மாதிரி சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. சம்மதப் படிவத்தின் மேலேயே நோயின் பெயர் இருக்கும், அங்கே எங்கே பின் அடிப்பீர்கள்? கல்யாணமாகாத பெண்ணாக இருந்தாலும் கர்ப்பப் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள், ஆய்வு நடக்கும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது என்று எழுதி வாங்குவார்கள். ஒன்றும் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால், ரத்தசோகைக்கு இதெல்லாம் எதற்கு என்று முன்பின் தெரியாத ஒரு கோ-ஆர்டினேட்டரிடம் அவள் கேட்டு நிற்பாள்.

அந்த அமெரிக்கப் பட்டியலை ஓரமாக வையுங்கள். ஹூஸ்டனில் நடக்கும் ஆய்வுக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து விசா எடுத்துப் போய்ச் சேருவதற்குள் நோய் காத்திருக்காது. நீங்கள் தேடிய அதே தளத்தில் நாடு என்ற இடத்தில் இந்தியா என்று போட்டுத் தேடுங்கள், நாற்பது எவ்வளவு சுருங்குகிறது என்று பாருங்கள். அதைவிட முக்கியமானது நம் சி.டி.ஆர்.ஐ., அதாவது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2007-ல் தொடங்கியது, 2009-ல் பதிவு கட்டாயமானது. தேடுவதற்குக் காசு கிடையாது. நோயின் முழுப் பெயரை ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஒவ்வொரு ஆய்வுக்கும் நீளமான ஒரு பக்கம் வரும், பயந்துவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான்: இன்னும் ஆள் சேர்க்கிறார்களா, எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, வயது வரம்பு என்ன, நோய் திரும்பியவர்களைச் சேர்க்கிறார்களா, யாரை எல்லாம் சேர்க்க மாட்டார்கள். விவரம் கேட்க யாரைக் கூப்பிட வேண்டும் என்று போன் நம்பரோடு போட்டிருப்பார்கள். கூப்பிடுங்கள். பதிவேட்டில் 'சேர்க்கிறோம்' என்று இருந்தும் இடம் நிரம்பிப் போயிருக்கலாம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நேரில் ஒரு அபிப்பிராயம் கேட்பதில் தப்பே இல்லை. உங்கள் டாக்டரிடமே ஒரு கடிதம் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த சுற்று கீமோ தொடங்கும் முன்பே இதையெல்லாம் கேட்டுவிடுங்கள். ஏனென்றால் வேறு மருந்து ஏறிவிட்டால் சில ஆய்வுகளில் இத்தனை நாள் கழித்து வா என்பார்கள், சிலவற்றில் கதவே சாத்திவிடும். அதற்காக டிரையல் வரட்டும் என்று கீமோவை நீங்களாக நிறுத்தி வைக்காதீர்கள்.

போனதும் அவர்கள் முதலில் கேட்பது என்ன தெரியுமா? முதல் எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட். நோய் செல்லின் மேலுள்ள அடையாளங்களைப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, அதில் சிடி19, சிடி22 என்ற அடையாளங்கள் இருக்கிறதா. ஃபிலடெல்பியா குரோமோசோம் என்ற மரபணு மாற்றம் உண்டா இல்லையா. எந்தத் தேதியில் என்ன மருந்து, மிச்ச நோயை அளக்கும் எம்.ஆர்.டி. என்ன வந்தது, எந்த நாளில் திரும்பியது. நீங்கள் பின் அடித்து மூடியிருக்கும் அதே பக்கங்கள்.

பணம். ஆய்வு மருந்துக்கு யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆனால் வழக்கமான ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, படுக்கைச் செலவு யாருடையது என்பதை முதலிலேயே கேளுங்கள், எல்லா இடத்திலும் எல்லாமே இலவசம் என்று இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பற்றியும் அப்போதே கேளுங்கள். ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சை, நஷ்ட ஈடு இரண்டும் அதே 2019 விதிகளில் இருக்கிறது. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதற்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. சம்மதப் படிவம் தமிழில் வேண்டும், ஒரு பிரதி உங்கள் தங்கை கைக்கு வர வேண்டும்.

அம்மாவின் எலிக் கேள்விக்கு வருகிறேன், அவர் அழுவதில் நியாயம் உண்டு. புது மருந்தை எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்று பார்க்கும் முதல் கட்ட ஆய்வும் இருக்கிறது, அதில் பலன் நிச்சயம் என்று யாராவது சொன்னால் பொய். எந்தக் கட்டம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாம் கட்டத்தில் பெரும்பாலும் வழக்கமான சிகிச்சையோடுதான் புதியதை ஒப்பிடுவார்கள். சும்மா சர்க்கரை மாத்திரை கொடுத்து விட்டுவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். எல்லா ஆய்வும் புது மருந்துக்காக நடப்பதும் இல்லை. இதே நோய் வந்த நம் நாட்டுக் குழந்தைகளுக்காக அடையாறும் சேர்ந்து நடத்திய ஐசிக்கிள் ஆய்வில் ஒரு கேள்வி, சில பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை 5 வாரம் கொடுப்பதா, 3 வாரம் போதுமா என்பது.

இன்னொன்றும் அம்மாவிடம் சொல்லுங்கள். மகளுக்கு முதுகில் போட்டார்களே மெத்தோட்ரெக்ஸேட், அந்த வகை மருந்துகளை அமெரிக்காவில் உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லப்பிரகட சுப்பாராவ். படித்தது சென்ட்ரல் எதிரே இருக்கும் நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். அதன் முன்னோடியான அமினோப்டெரினை பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் லுகேமியா வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1948-ல் எழுதினார். 10 பேருக்குக் கொஞ்ச காலம் நோய் தணிந்தது. நிரந்தரமாக இல்லை. அந்தப் பதினாறு தாய்மாரும் அழுதிருப்பார்கள்தானே? நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல் என்ற நோய் எதிர்ப்புச் செல்லை எடுத்து மாற்றி மறுபடி உடம்பில் ஏற்றும் கார்-டி சிகிச்சை, மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து செய்தது, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. 15 வயதுக்கு மேற்பட்ட பி செல் நோயாளிகளுக்கு. செலவு பல லட்சம் ஆகும், உங்கள் தங்கைக்குப் பொருந்துமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேட்கவாவது செய்யுங்கள்.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் மஜ்ஜை தங்கைக்குப் பொருந்துமா என்று பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனை உங்களுக்கு எடுத்தார்களா? நோய் திரும்பினால் மறுபடி கட்டுக்குள் கொண்டுவந்து மஜ்ஜை மாற்று செய்வது வழக்கமான பேச்சு. கூடப் பிறந்தவருக்கு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அமெரிக்காவரை தேடியவரின் கடிதத்தில் உங்கள் சொந்த ரத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. டாக்டர் இன்னும் சொல்லவில்லை என்றால் நீங்களே போய்க் கேளுங்கள்.

பிளேட்லெட்டுக்கு நண்பர்கள் வந்தது புண்ணியம். தாய்மாமன் எங்கே? சித்தப்பா பிள்ளைகள் எங்கே? ஒரு வீட்டில் வியாதி என்றால் வந்து நிற்க வேண்டியவர்களை நீங்களே வாசலில் நிறுத்திவிட்டீர்கள், எப்போதோ வரப்போகும் ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்காக. மறைத்து வைத்துக் கல்யாணம் செய்கிற குடும்பங்களைப் பற்றி என் அபிப்பிராயம் இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். இப்போது மறைத்தால் அப்புறம் தாலி கட்டியவனிடமும் மறைக்க வேண்டும், வருடா வருடம் செக்கப்புக்கு என்ன பொய் சொல்வீர்கள்? மூத்தவர் நீங்கள், அப்பா இடத்தில் இருப்பவர். மாமாவுக்கு இன்றைக்கே போன் போடுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் தங்கை. சாப்பிட்டு முடித்த பிறகு அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஃபைலை அவள் கையில் கொடுங்கள். பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். 'தப்பு பண்ணிட்டோம்மா' என்றால் போதும், பின்னை அவளே கழற்றட்டும். அழுதால் அழட்டும். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். டிரையலே வேண்டாம் என்று அவள் சொன்னாலும் அவசரப்பட்டு வாயைத் திறக்காதீர்கள், ஏன் என்று மட்டும் கேளுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் அவளையே எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குத் தோன்றாத ரெண்டு கேள்வி அதில் கட்டாயம் இருக்கும்.

காலையில் முழு ஃபைலையும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுங்கள். ஒரு செட் போகிற ஆஸ்பத்திரிகளில் கொடுக்க. இன்னொன்று தங்கையிடம் இருக்கட்டும்.