நடுக்கடலில் எழும் புகை யார் கணக்கில்?

கேள்வி: லாரிக்கு டீசல் போடும்போதே வரி கட்டுகிறோம். கண்டம் விட்டுக் கண்டம் போகும் கப்பலின் புகைக்கு ஏன் வரி இல்லை? 2025இல் எடுக்கவிருந்த முடிவு ஏன் தள்ளிப்போனது?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கிரேக்க முதலாளி ஒருவரின் கப்பல், லைபீரியக் கொடியுடன், ஷாங்காயில் ஏற்றிய சரக்கை ராட்டர்டாமில் இறக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் அது வெளியிடும் கரியமில வாயுவை எந்த நாட்டின் கணக்கில் எழுதுவது? பருவநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த 1997இல் உருவான கியோட்டோ நெறிமுறை இதற்கு விடை காணாமல், லண்டனில் இயங்கும், ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் பொறுப்பை விட்டது. அதன் பின் வந்த பாரிஸ் ஒப்பந்தம் கப்பல்களைக் குறிப்பிடவே இல்லை. ஒரு நாடு மட்டும் எரிஎண்ணெய்க்கு வரி போட்டால், கப்பல் பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் நிரப்பிக்கொண்டு போய்விடும். உலகப் பசுங்குடில் வாயு உமிழ்வில் ஏறத்தாழ 3 விழுக்காடு கப்பல்களுடையது என்பதால், இதைச் சிறிய விஷயமாக ஒதுக்க என்னால் முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் தன் துறைமுகங்களுக்கிடையிலான பயணங்களின் உமிழ்வு முழுவதையும், வெளிநாடுகளுக்குச் சென்றுவரும் பயணங்களின் உமிழ்வில் பாதியையும் கட்டணத்துக்குள் கொண்டுவந்துள்ளது. உலகம் முழுமைக்குமான திட்டத்தை 2025 ஏப்ரலில் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கூட்டத்தில் இந்தியா உட்பட 63 நாடுகள் ஆதரித்தன. 16 நாடுகள் எதிர்த்தன. 5,000 மொத்த டன்னேஜுக்கு (கப்பலின் உட்கொள்ளளவைக் குறிக்கும் அளவு) மேற்பட்ட கப்பல்கள், எரிபொருளின் உமிழ்வுக்கு விதிக்கப்பட்ட வரம்பை மீறும் அளவுக்கு மட்டும், மீறலைப் பொறுத்து டன் உமிழ்வுக்கு 100 அல்லது 380 டாலர் செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். வெளியேறும் ஒவ்வொரு டன்னுக்கும் கட்டணம் கேட்டுப் போராடிவந்த பசிபிக் தீவு நாடுகள், இது போதாதென்று வாக்களிக்காமல் ஒதுங்கின. கடல் மட்டம் உயர்ந்தால் முதலில் மண்ணை இழக்கப்போகும் அவர்களின் மனக்குறை முற்றிலும் நியாயமானது.

அந்தக் குறைந்தபட்சத் திட்டமும், இறுதி ஒப்புதலுக்கு வந்த அக்டோபரில் நிறைவேறவில்லை. ஆதரிக்கும் நாடுகள் மீது கூடுதல் சுங்க வரியும் விசாக் கட்டுப்பாடுகளும் வரும் என்று அமெரிக்கா எச்சரித்திருந்த நிலையில், ஓராண்டு ஒத்திவைக்கும்படி சவூதி அரேபியா கொண்டுவந்த தீர்மானம் 49க்கு எதிராக 57 வாக்குகளில் வென்றது. ஒரு கப்பல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஓடும். புகைக்கு விலை உண்டா இல்லையா என்றே தெரியாமல் இப்போது கப்பல் கட்டக் கொடுக்கும் முதலாளி, பழைய எரிஎண்ணெயில் ஓடும் இயந்திரத்தையே கேட்பார். அது 2050ஐ நெருங்கும்வரை கடலில் இருக்கும்.